வாய்ஸ் மெசேஜைப் பூட்டி அனுப்புவது எப்படி? காவேரிப்பட்டணம் சகோதரிக்கு ஒரு விரிவான பதில்

சகோதரி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு காவேரிப்பட்டணம் பக்கம். அண்ணன் துபாயில். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, துபாயில் வாட்ஸ்அப் காலும் ஒழுங்காகப் போகாது, அதனால் வீட்டு விஷயம் எல்லாமே வாய்ஸ் மெசேஜில்தான் போய் வருகிறது. அப்பா விட்டுப்போன மாந்தோப்பும் பங்குக் கிணறும் இன்னும் கூட்டுப் பட்டாவில் இருக்கின்றன. பாகம் பிரிப்பதைப் பற்றி அம்மா அண்ணனுக்குப் பேசி அனுப்பியது போன மாதம் சித்தப்பா வீட்டில் வார்த்தைக்கு வார்த்தை தெரிந்திருக்கிறது. யாராவது வாட்ஸ்அப்பை ஹேக் செய்துவிட்டார்களா, பதிவு செய்த குரலை நாமே என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாதவர் கேட்க முடியாதபடி பூட்டி, அனுப்ப வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி உண்டு, முழுதாகச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. நடுவழியில் யாரும் அந்தக் குரலைப் பிடித்திருக்க முடியாது. அம்மாவின் குரல் போய்ச் சேர்ந்த இடத்திலோ கிளம்பிய இடத்திலோ திறந்து கிடந்திருக்கிறது, அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். தருமபுரியில் பதினான்கு வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். குடும்பச் சண்டையில் போய் முடிந்த எத்தனையோ வாய்ஸ் மெசேஜ் கதைகளை என் மேஜைக்கு எதிரே நின்று கேட்டிருக்கிறேன். அதில் ஒன்றுகூட வழியில் பூட்டை உடைத்துத் திருடிய கதை இல்லை.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஏற்கெனவே என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது. 2016 ஏப்ரலில் இருந்து எழுத்து, படம், குரல் எல்லாவற்றுக்கும் இந்தப் பூட்டு உண்டு, சிக்னல் என்ற இன்னொரு செய்தி ஆப்பை உருவாக்கியவர்கள் வடிவமைத்த அதே முறைதான். அம்மா மைக்கை அழுத்திப் பேசி விரலை எடுத்ததும் அந்தப் பதிவுக்கென்று மட்டும் ஒரு புதுச் சாவியைப் போன் உருவாக்குகிறது, 32 பைட், அதாவது 256 பிட் நீளம். அந்தச் சாவியிலிருந்து பிறக்கும் துணைச் சாவிகளைக் கொண்டு குரல் கோப்பு ஏஇஎஸ் என்ற பூட்டு முறையில் பூட்டப்பட்டு சர்வருக்கு ஏறுகிறது. சாவி அந்த மூட்டையோடு போவதில்லை. அண்ணனின் போன் மட்டும் திறக்கக்கூடிய இன்னொரு பூட்டிய செய்திக்குள் தனியாகப் போகிறது. சர்வரில் இருப்பவருக்குக் கிடைப்பது சாவி இல்லாத மூட்டை. 256 பிட் சாவியைக் குருட்டாம்போக்கில் தேடிப் பார்க்கலாமே என்றால், மொத்த எண்ணிக்கையை எழுத 78 இலக்கம் வேண்டும். சித்தப்பா வீட்டில் யாரும் அதைச் செய்யவில்லை.

இதே நம்பிக்கையை எல்லா ஆப்புக்கும் கொடுத்துவிடாதீர்கள். டெலிகிராமில் சாதாரண சாட்டில் அனுப்பும் குரலின் சாவி அந்த நிறுவனத்திடமும் இருக்கிறது, 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் திறந்தால்தான் இருமுனைப் பூட்டு, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டும் திறக்கக்கூடிய பூட்டு.

சரி, அப்புறம் எங்கே கசிந்தது? பூட்டு என்பது கிளம்பும் போனில் இருந்து சேரும் போன் வரைக்கும்தான். போனுக்குள் வந்து இறங்கியதும் பூட்டு திறந்து, குரல் சாதாரணக் கோப்பாக உட்கார்ந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் கோப்பு மேலாளர் ஆப்பைத் திறந்து, ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸ்அப் என்று உள்ளே போய் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற ஃபோல்டரைப் பாருங்கள். வருடமும் வார எண்ணும் சேர்ந்த பெயரில் வரிசையாக ஃபோல்டர்கள் இருக்கும், 202423 என்றால் 2024-இன் 23-வது வாரம். உள்ளே 'பிடிடி' என்று ஆரம்பித்து தேதியோடு ஒவ்வொரு வாய்ஸும் ஓபஸ் என்ற வகை ஒலிக் கோப்பாக இருக்கும். அம்மா அனுப்பியது, அண்ணன் அனுப்பியது, இரண்டும். வாட்ஸ்அப்பைத் திறக்காமலே எந்த ஆடியோ ப்ளேயரிலும் ஓடும், ப்ளூடூத்தில் அடுத்த போனுக்குப் போகும். வாட்ஸ்அப்புக்கு விரல்ரேகைப் பூட்டு போட்டிருக்கிறேன் என்று நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த ரேகை ஆப்பின் கதவுக்கு மட்டும்தான், இந்த ஃபோல்டருக்கு இல்லை. சாட்டை அழித்தாலும், அழிக்கும்போது மீடியாவையும் சேர்த்து அழி என்ற டிக் இல்லாவிட்டால் கோப்பு அங்கேயே இருக்கும்.

இன்று காலை என் மேஜைக்கு வந்த ஒரு போனைச் சொல்கிறேன். டிஸ்ப்ளே உடைந்தது. பின்பக்கம் செல்லோடேப்பில் ஒட்டிய துண்டுச் சீட்டு, அதில் ஒன்பது புள்ளி வைத்து பேட்டர்னைப் பேனாவால் இழுத்திருக்கிறார்கள், அச்சாக 'ட' எழுத்து. கீழே பெயர், நம்பர், 'அர்ஜென்ட்'. எல்லாக் கடையிலும் இப்படித்தான் வாங்குகிறோம், டச் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா. ஆனால் அந்தச் சீட்டு ஒட்டிய போன் அரை நாள் ஒரு தட்டில் கிடக்கும்போது, கடையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் மேலே சொன்ன ஃபோல்டர் வரைக்கும் போகலாம். புதுப் போன்களில் ஆண்ட்ராய்டே உள்சேமிப்பு முழுவதையும் என்கிரிப்ட் செய்து வைக்கிறது, ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களில் இருந்து அது கட்டாயம். அந்தப் பூட்டின் சாவி உங்கள் பின் அல்லது பேட்டர்ன்தான். அதை எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டால் பூட்டியும் பயனில்லை. சாம்சங் போன்களில் 'மெயின்டனன்ஸ் மோட்' என்று ஒன்று 2022-இல் இருந்து வருகிறது, கூகுளின் பிக்சல் போன்களில் 'ரிப்பேர் மோட்'. அதைப் போட்டுக் கொடுத்தால் டெக்னீஷியன் டச், கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் சோதிக்கலாம், உங்கள் கோப்பு ஒன்றும் கண்ணில் படாது. டிஸ்ப்ளே முழுதாகப் போன பிறகு அதைப் போட முடியாது என்பது உண்மைதான், ஆனால் பேட்டரி, சார்ஜிங் பின் மாதிரி வேலைக்குக் கொடுக்கும்போது தாராளமாகப் போடலாம். என் கடைக்கு வருகிறவர்களிடம் நானே கேட்டுப் போடச் சொல்கிறேன், இதைச் சொல்லித்தர இரண்டு நிமிடம் கூட ஆகாது.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபோல்டரை இல்லை, இணைக்கப்பட்ட சாதனங்களை. வாட்ஸ்அப்பை நான்கு சாதனங்கள் வரைக்கும் கூடுதலாக இணைக்கலாம். யாராவது அம்மாவின் போனைப் பத்து வினாடி கையில் வாங்கி, ஒரு லேப்டாப்பில் தெரியும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அம்மா அனுப்புவதும் அம்மாவுக்கு வருவதும் அந்த லேப்டாப்பிலும் விழும். அம்மாவின் போன் அணைந்திருந்தாலும் விழும். இதில் எந்தப் பூட்டும் உடையவில்லை. அந்த லேப்டாப்பையும் அம்மாவின் சாதனம் என்றே வாட்ஸ்அப் நினைத்து முறையாகச் சாவி கொடுக்கிறது. பாலக்கோட்டில் இருந்து ஒரு அம்மா இப்படித்தான் வந்தார். போனை வேறொரு இடத்தில் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது, மகளின் சம்பந்தப் பேச்சு முழுவதும் வெளியே போயிருந்தது, மருமகன் வீட்டாரோ மந்திரம் மாயமோ என்று குழம்பிப் போயிருந்தார். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து காட்டினேன். ஒரு கணினி, நேற்று இரவு 11 மணிக்குக் கடைசியாக இயங்கியது என்று இருந்தது. அவர் வீட்டில் கணினியே கிடையாது. அந்த அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் சில கசிவுகள் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்ப குரூப்பில் தவறிப் போய் ஃபார்வர்டு ஆவது. பஸ்ஸில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது, அம்மாக்கள் பெரும்பாலும் அப்படித்தான் கேட்கிறார்கள், போனைக் காதில் வைத்தால் சத்தம் தானாகக் காதுக்கு மாறும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் நின்றுகொண்டு ஒருவர் தன் மகனின் கடன் கணக்கை ஸ்பீக்கரில் கேட்டதை நானே காதால் கேட்டிருக்கிறேன், சுற்றி இருந்த ஐம்பது பேரும் கேட்டார்கள். கார் ப்ளூடூத்தும் அப்படித்தான், போன் காரோடு இணைந்திருந்தால் வாய்ஸ் கார் ஸ்பீக்கரில் பேசும்.

பேக்கப் ஒரு பெரிய ஓட்டை, அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகிறது. அது தானாக இருமுனைப் பூட்டோடு போவதில்லை. 2021 அக்டோபரில் இருந்து அதற்கும் தனிப் பூட்டு வசதி வந்திருக்கிறது, ஆனால் நாம் போய்ப் போட்டால்தான் உண்டு. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப், எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப் என்று உள்ளே போங்கள். பாஸ்வேர்டு வைக்கலாம், இல்லையென்றால் 64 இலக்கச் சாவியை வாங்கி எழுதி வைக்கலாம். வைத்தது தொலைந்தால் பேக்கப் போச்சு, வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. நம் ஊரில் அம்மாக்களின் போனில் கூகுள் கணக்கைத் திறந்து கொடுப்பது வீட்டில் படித்த பையனோ கடைக்காரரோதான், பாஸ்வேர்டும் அவர்களுக்கே தெரியும். உங்கள் அம்மாவின் ஜிமெயிலை யார் போட்டுக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சித்தப்பா பையன் என்றால் அந்தப் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், குரலை நாமே பூட்டி அனுப்புவது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவிட வேண்டும். குரலை மாற்றும் ஆப்கள், தலைகீழாக ஓட்டும் ஆப்கள், கீச்சுக்குரலாக்கும் ஆப்கள் எதுவும் பூட்டு இல்லை. ஒலியைக் கலைப்பது வேறு, பூட்டுவது வேறு. இது பெரிய இடத்திலேயே அடிபட்ட பாடம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரேடியோ வழியாகத் தொலைபேசியில் பேசியபோது குரலைத் துண்டு துண்டாக்கி அலைவரிசையை மாற்றி அனுப்பும் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். ஜெர்மனியின் தபால்துறைக்காரர்கள் நெதர்லாந்துக் கடற்கரையில் ஒரு நிலையம் வைத்து அதைக் கலைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பேசியதையும் சேர்த்து. அதற்குப் பிறகு பெல் ஆய்வகம் சிக்சாலி என்ற ஒன்றைக் கட்டியது. 1943 ஜூலை 15 அன்று வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையில் ஓட ஆரம்பித்தது, ஒரு நிலையத்தின் எடை 50 டன்னுக்கு மேல். அதன் சாவி என்ன தெரியுமா? கிராமபோன் ரெக்கார்டு. இரைச்சல் மட்டும் பதிந்த இசைத்தட்டு, ஒரே மாதிரி இரண்டு பிரதி, ஒன்று அந்தக் கரையில், ஒன்று இந்தக் கரையில். குரலை எண்களாக மாற்றி அந்த இரைச்சலோடு கூட்டி அனுப்புவார்கள், மறுமுனையில் அதே தட்டைச் சரியாக அதே நொடியில் ஓட்டி இரைச்சலைக் கழிப்பார்கள். ஒருமுறை பேசியதும் அந்தத் தட்டை அழித்துவிடுவார்கள்.

இதை எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், இன்று உங்கள் அண்ணனுக்கும் அம்மாவுக்கும் தேவைப்படுவது அதே இரண்டு விஷயம்தான். குரல் எண்ணாக மாறிய பிறகு கணக்கால் பூட்ட வேண்டும். சாவி, பூட்டிய பொருள் போகும் அதே பாதையில் போகக் கூடாது. அந்த இசைத்தட்டு முன்கூட்டியே ஆள் கையில் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். போனிலேயே இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் பதியுங்கள், அந்த ஆப் பதிவுகளைத் தானாகக் கிளவுடில் ஏற்றும் வசதி இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். பிறகு ஸிஆர்க்கைவர் மாதிரி, 7-ஸிப் வகைப் பொதியை (கோப்பைச் சுருக்கிக் கட்டும் மூட்டை) உருவாக்கத் தெரிந்த ஒரு ஆப்பில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, வகை 7-இசட் என்று வைத்து, பாஸ்வேர்டு கொடுத்து, கோப்புப் பெயரையும் பூட்டும்படி வைத்துப் பொதியுங்கள். பெயரையும் பூட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, 'தோப்பு பாகம் அம்மா' என்று பெயர் வெளியே தெரிந்தால் உள்ளே என்ன என்று திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. சாதாரண ஸிப் வகையில் வரும் பழைய பாஸ்வேர்டை நம்பாதீர்கள், அது 1994-லேயே உடைபட்ட முறை. 7-இசட் பொதி ஏஇஎஸ் 256 பிட் முறையில் பூட்டுகிறது, அதோடு ஒவ்வொரு பாஸ்வேர்டு முயற்சிக்கும் 5 லட்சம் தடவைக்கு மேல் ஒரு கணக்கை ஓட வைக்கிறது, அதனால் யூகித்து யூகித்துத் திறப்பது ரொம்ப மெதுவாகிவிடும். பொதியை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். அண்ணன் இறக்கி, அதே மாதிரி ஆப்பில் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து கேட்பார்.

கோப்பு பெரிதாகுமே என்று கவலை வேண்டாம். பேச்சுக்கு வினாடிக்கு 16 கிலோபிட் போதும், அந்தக் கணக்கில் ஒரு நிமிடம் 120 கிலோபைட்தான், பத்து நிமிடப் பேச்சு ஒரு போட்டோ அளவுக்குக்கூட வராது.

இந்த முறையில் ஆட்கள் கோட்டை விடுவது மூன்று இடத்தில். ரெக்கார்டரில் இருக்கும் பூட்டாத மூலப் பதிவை அழிக்க மறப்பது முதலாவது. அழித்தாலும் குப்பைத் தொட்டியில் 30 நாள் வரைக்கும் கிடக்கும், அதையும் காலி செய்ய வேண்டும். அண்ணன் பக்கத்திலும் திறந்து கேட்ட பிரதி அவர் போனில் தனியாக விழுந்திருக்கும், அவரும் அழிக்க வேண்டும். இல்லையென்றால் இவ்வளவு பாடுபட்டுப் பூட்டியும் பக்கத்திலேயே திறந்த நகல் ஒன்று கிடக்கும்.

இரண்டாவது, பாஸ்வேர்டு. டிஎன் 24-இல் ஆரம்பிக்கும் வண்டி நம்பர், குலதெய்வம் பெயர், பிறந்த தேதி இதெல்லாம் சொந்தக்காரர்களுக்குத் தெரியும், நீங்கள் மறைக்க நினைப்பதே சொந்தக்காரர்களிடம் இருந்துதான். சம்பந்தமே இல்லாத ஆறு சொற்களை வையுங்கள், பழமொழியோ பாட்டு வரியோ வேண்டாம். ஒரு அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு இடத்தில் திறந்து விரல் வைத்த சொல்லை எடுங்கள், நம் மனசு தேர்ந்தெடுத்தால் எப்போதும் தெரிந்த சொல்லையே தேர்ந்தெடுக்கும். 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் இருந்து ஆறு சொல்லைக் குலுக்கல் முறையில் எடுத்தாலே வாய்ப்புகளின் எண்ணிக்கை 24 இலக்கத்துக்குப் போய்விடும். அந்தத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், தமிழ் எழுத்தில் வேண்டாம். இதைத் தமிழ் மேல் பாசம் இல்லாமல் சொல்லவில்லை. 'கொ' என்ற எழுத்தை ஒரு கீபோர்டு ஒற்றை ஒகரக் குறியாக உள்ளே அனுப்பும், இன்னொன்று கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக அனுப்பும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு பாஸ்வேர்டு. உங்கள் போனில் சரியாகப் போட்ட சொல் அண்ணன் போனில் 'தவறு' என்று வந்து நிற்கும், காரணமும் யாருக்கும் புரியாது. அண்ணன் பெயரோ ஊர்ப் பெயரோ 'ஸ்ரீ'யில் ஆரம்பித்தால் அதிலும் இதே தொல்லை உண்டு.

மூன்றாவது, அந்தப் பாஸ்வேர்டை அதே வாட்ஸ்அப்பில் அனுப்புவது. இதை நான் எத்தனை பேரிடம் கண்டித்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. பூட்டிய பெட்டிக்கு மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிடுவதுதான் அது. அண்ணன் லீவில் வரும்போது நேரில் பேசி முடிவு செய்யுங்கள். அவர் வர நாளாகும் என்றால் சாதாரணத் தொலைபேசி அழைப்பில் வாயால் சொல்லுங்கள். சாதாரண அழைப்பைத் தொலைபேசி நிறுவனம் நினைத்தால் கேட்கலாம்தான், ஆனால் உங்களுக்குப் பிரச்சினை தொலைபேசி நிறுவனம் இல்லை, அம்மா போனை எடுத்துப் பார்க்கும் கை. யாரிடம் இருந்து மறைக்கிறோம் என்பது தெளிவாக இருந்தால் பாதி குழப்பம் தீரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் சொந்தக் கருத்தையும் சொல்கிறேன். இதை அம்மாவைச் செய்யச் சொல்லாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு வாய்ஸ் மெசேஜ் எவ்வளவு பெரிய விடுதலை என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். முன்பெல்லாம் மகனுக்குக் கடிதம் போட வேண்டும் என்றால் அடுத்த வீட்டுப் பையனைக் கெஞ்சி எழுத வைக்க வேண்டும், மருமகள் மேல் உள்ள வருத்தத்தைக்கூட அந்தப் பையன் முன்னால் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்றைக்கு ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தித் தன் குரலில் தானே பேசுகிறார். அதில் பொதி, வகை, பாஸ்வேர்டு என்று நான்கு படியைச் சேர்த்தால் பேசுவதையே விட்டுவிடுவார். அப்படி ஆனால் நஷ்டம் ரகசியம் கசிந்ததைவிடப் பெரிது.

அம்மாவுக்கு சிக்னல் ஆப்பைப் போட்டுக்கொடுங்கள். மைக்கை அழுத்திப் பேசுவது அதிலும் அப்படியேதான், அம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் உள்ளே. சிக்னலில் வரும் குரல் பொது ஃபோல்டரில் போய் விழாது, ஆப்பின் சொந்த அறைக்குள் பூட்டியே இருக்கும். கூகுள் டிரைவுக்கு அது தன் சாட்டுகளை ஏற்றுவதும் இல்லை. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இடையிலான சாட்டில் மறையும் செய்திக்கு ஒரு வாரம் என்று வைத்துவிடுங்கள். அனுப்பியவர் போனில் அனுப்பியதில் இருந்தும், பெற்றவர் போனில் பார்த்ததில் இருந்தும் ஒரு வாரம் கழித்துத் தானாகப் போய்விடும். அண்ணன் ஊருக்கு வந்திருக்கும்போது இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து 'சேஃப்டி நம்பர்' பக்கத்தைத் திறந்து ஒன்றை ஒன்று ஸ்கேன் செய்யுங்கள். ஐந்து ஐந்தாகப் பிரித்த 60 இலக்கம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை என்று அர்த்தம். பின்னாளில் அந்த எண் மாறிவிட்டது என்று ஆப் சொன்னால், அண்ணன் புதுப் போன் வாங்கினாரா என்று ஒரு சாதாரண கால் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். சிக்னலிலும் இணைத்த சாதனங்கள் பட்டியல் உண்டு, அதையும் மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

7-இசட் முறையை நீங்களும் அண்ணனும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்திர நம்பர், பேங்க் விவரம், வக்கீல் சொன்னது மாதிரி நாள்பட வைத்திருக்க வேண்டிய பதிவுகளுக்கு அது சரியாக இருக்கும்.

பூட்டால் ஆகாத விஷயமும் உண்டு. அண்ணனே யாருக்காவது போட்டுக் காட்டினால் எந்த என்கிரிப்ஷனும் தடுக்காது. வாட்ஸ்அப்பில் 2023 டிசம்பரில் இருந்து ஒருமுறை மட்டும் கேட்கும் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது, அதை ஃபார்வர்டு செய்ய முடியாது, ஆனால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிய முடியும். அதேபோல, பூட்டு என்பது பேசுகிறவர் உண்மையில் அம்மாதானா என்று சொல்லாது, அம்மாவின் கணக்கில் இருந்து வந்தது என்று மட்டும்தான் சொல்லும். இப்போது சில வினாடிக் குரல் கிடைத்தாலே அதே குரலில் போலியாகப் பேச வைக்கிறார்கள், கசிந்துபோன அம்மாவின் பதிவுகள் ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். பணம் அனுப்பு, கையெழுத்துப் போடு என்று குரலில் எது வந்தாலும் அண்ணன் திரும்பக் கேட்க ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். தோப்பில் எந்த மரத்தடியில் தொட்டில் கட்டினார்கள் என்பது மாதிரி வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒன்று. வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் பின் நம்பர் போட்டு வையுங்கள், சிக்னலில் 'ரெஜிஸ்ட்ரேஷன் லாக்'கையும் சேர்த்துப் போடுங்கள், ஓடிபி வாங்கிக் கணக்கைக் கைப்பற்றுவதை அது தடுக்கும்.

இப்படிப் பூட்டுவது சட்டப்படி தப்பா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். தப்பில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவில் அரசு முறைப்படி உத்தரவு போட்டுத் திறந்து காட்டச் சொல்ல முடியும், அது நாட்டுப் பாதுகாப்பு, குற்ற விசாரணை மாதிரி விஷயங்களுக்கு. குடும்பப் பேச்சைப் பூட்டி வைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை, இது பாகப்பிரிவினை விவகாரம் என்பதால் சொல்கிறேன். சித்தப்பா தரப்பில் இருந்து உங்களுக்கு வந்த வாய்ஸ் ஏதாவது இருந்தால் அதை மறையும் செய்தியில் போகவிடாதீர்கள், வெட்டாதீர்கள், வேறு வகைக்கு மாற்றாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி மின்பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் கேட்கிறார்கள். ஹாஷ் என்றால் கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு வினாடி வெட்டினாலும் அது வேறு கைரேகை ஆகிவிடும். மூலக் கோப்பை அது வந்த போனிலேயே வைத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

இன்று சாயங்காலம் அம்மாவின் போனை வாங்கியதும் லிங்க்டு டிவைசஸ் பக்கத்தைத் திறங்கள். தெரியாத சாதனம் இருந்தால் உடனே லாக் அவுட்டை அழுத்திவிடாதீர்கள். என்ன சாதனம், கடைசியாக எப்போது இயங்கியது என்பது தெரியும்படி உங்கள் போனில் ஒரு போட்டோ எடுங்கள், லாக் அவுட் செய்த பிறகு அந்த வரி மறைந்துவிடும். அப்புறம் வெளியேற்றுங்கள், ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பேட்டர்னையும் மாற்றுங்கள். அண்ணன் போனிலும் அதே பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், துபாய் ரூமில் நான்கைந்து பேர் சேர்ந்து இருப்பார்கள், ஊர்க்காரர்களும் இருப்பார்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்றால், கடந்த மூன்று மாதத்தில் அம்மா போன் யார் யார் கைக்குப் போனது என்று ஒரு பட்டியல் எழுதி இங்கேயே போடுங்கள், பெயர் வேண்டாம், உறவுமுறையும் எதற்காக வாங்கினார்கள் என்பதும் போதும். அங்கிருந்து தேடலாம்.